எடையா, வேகமா? என்.எஃப்.எல் டிராஃப்ட்டில் ‘லைன்மேன்’களின் மதிப்பை முடிவு செய்வது எது?

2018-ன் தொடக்கத்தில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கல்லூரி கால்பந்து வீரர்களுக்கான உடற்தகுதிச் சோதனை நடந்தது. ஒக்லஹோமா பல்கலைக்கழக வீரர் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 40 கெஜ ஓட்டத்தை 5.85 விநாடிகளில் முடித்தார். சுமார் 102 கிலோ எடையைப் படுத்தபடி 14 முறைதான் தூக்கினார். அவர் விளையாடும் இடத்துக்கு இரண்டுமே படுமோசமான எண்கள். முதல் சுற்றிலேயே தேர்வாவார் என்று பேசப்பட்டவர், ஏப்ரலில் நடந்த டிராஃப்ட்டில் மூன்றாவது சுற்றில், 83-வது ஆளாகத்தான் தேர்வானார்.

அவரை எடுத்த அணி பால்டிமோர் ரேவன்ஸ். அடுத்த ஆண்டே அந்த அணி பந்தைக் கையில் ஏந்தி ஓடியே 3,296 கெஜம் கடந்தது. ஒரே சீசனில் ஒரு அணி எடுத்த அதிகபட்ச ஓட்டம் என்ற லீக் சாதனை அது. அந்த அணியின் வலது டேக்கிள் பிரவுன்தான். லீக்கின் நட்சத்திர ஆட்டமான ‘புரோ பௌல்’-க்கு 2019 முதல் தொடர்ந்து நான்கு முறை தேர்வானார்.

அப்படின்னா சோதனை பொய்யா? பொய் இல்லை. பிரவுன் மெதுவானவர்தான். ஆனால், ரேவன்ஸ் தேடியது வேகமானவரை அல்ல. எதிராளியை நகர்த்தும் மலை போன்ற ஆளை. எந்த அணி எந்த மாதிரி ஆடுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே வீரரின் மதிப்பு மேலேயும் போகும், கீழேயும் போகும்.

லைன்மேன் என்ன செய்வார்?

என்.எஃப்.எல் என்பது அமெரிக்க கால்பந்தின் தொழில்முறை லீக். மொத்தம் 32 அணிகள். ஆண்டுதோறும் ஏப்ரலில் 7 சுற்றுகளாக, கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதுதான் டிராஃப்ட்.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஆட்டத்தைத் தொடங்க சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதோடு சரி, அதன்பிறகு இவர்கள் பந்தைத் தொடுவது அபூர்வம். கபடியில் ரெய்டரை மடக்க எதிரணி சங்கிலி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நேர் எதிர்: ஓடுபவருக்கு இந்த ஐந்து பேரும் வழி திறக்க வேண்டும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் காப்பாற்ற வேண்டும்.

வழி திறப்பதில் இரண்டு பாணிகள்

முதலாவது ‘கேப்’ பாணி. எந்த இடைவெளியில் ஓட வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடும். இரண்டு லைன்மேன்கள் சேர்ந்து ஒரு எதிராளியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். மறுபுறம் நிற்கும் கார்டு வரிசையை விட்டு வெளியே வந்து, சுற்றிப்போய், அந்த இடைவெளியில் வருபவரை மோதுவார். இதற்கு எடை வேண்டும், இடுப்பில் பலம் வேண்டும். சுற்றி ஓடும் அந்த கார்டுக்கு மட்டும் கால் வேகமும் கொஞ்சம் வேண்டும்.

இரண்டாவது ‘ஸோன்’ பாணி. ஐந்து பேரும் ஒரே திசையில், ஒன்றாக அடி எடுத்து வைப்பார்கள். தன் பகுதிக்குள் யார் வருகிறாரோ அவரைத் தடுப்பதே ஒவ்வொருவரின் வேலை. பாதுகாப்பு வரிசை பக்கவாட்டில் இழுபடும்போது எங்கே விரிசல் விழுகிறதோ, அதைப் பார்த்து ரன்னிங் பேக் உள்ளே பாய்வார். இங்கே 150 கிலோ எடை இருப்பது சுமையாகக்கூட ஆகலாம். பக்கவாட்டில் ஓடத் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் அசைவோடு ஒத்துப்போக வேண்டும், நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும்.

குறைந்த விலை, பெரிய லாபம்

ஸோன் பாணியின் பிரபல உதாரணம் டென்வர் பிராங்கோஸ். 1995-ல் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹனும், லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் அங்கே வந்தார்கள். மற்ற அணிகள் ‘எடை பத்தாது’ என்று ஒதுக்கிய லைன்மேன்களை வைத்தே 1998, 1999 ஜனவரிகளில் அடுத்தடுத்து சூப்பர் பௌல் வென்றார்கள்.

6-வது சுற்றில் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் 1998-ல் 2,008 கெஜம் ஓடினார். அவர் காயமடைந்ததும் 4-வது சுற்றில் வந்த ஒலாண்டிஸ் கேரி 1999-ல் 1,159 கெஜம். அடுத்த ஆண்டு, 6-வது சுற்றில் வந்த மைக் ஆண்டர்சன் 1,487 கெஜம். ஓடுபவர் மாறிக்கொண்டே இருந்தார், வழி மட்டும் திறந்துகொண்டே இருந்தது. மற்றவர்களுக்குத் தேவைப்படாத வீரர் மலிவாகக் கிடைப்பார் என்பதுதான் இதன் சூட்சுமம்.

ஆனால் இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. அந்த வரிசையின் சென்டர் டாம் நேலன், 1994 டிராஃப்ட்டின் கடைசிச் சுற்றான ஏழாவதில் வந்தவர். அதாவது, அவருக்குப் பொருத்தமான பாணி அந்த அணிக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே அவர் அங்கே இருந்தார். பிறகு 5 முறை புரோ பௌல் வீரர். கிப்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தால் நேலனின் கதை எப்படி முடிந்திருக்கும்?

கோச் மாறினால் என்ன ஆகும்?

சிக்கலே இங்கேதான். டிராஃப்ட்டில் வரும் வீரரின் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டுகள். அதற்குள் பயிற்சியாளர் வேலை இழப்பது என்.எஃப்.எல்-லில் சகஜம். புதியவர் வேறு பாணியோடு வந்தால், நேற்று வரை ‘கச்சிதமாகப் பொருந்துகிறார்’ என்று பாராட்டப்பட்டவர், இன்று ‘எடை போதாது’ என்று பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். வீரர் அதே ஆள்தான், வேலையின் விவரம்தான் மாறிவிட்டது.

கோச் மாறாமலேயே பாணி மாறுவதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஷான் மெக்வே ஸோன் பாணிக்குப் பெயர் போனவர். 2022-ல் காயங்களால் லைன் சிதைந்து, அணி 5 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. 2023-ல் அவர் கேப் பாணிப் பக்கம் சாய்ந்தார். அதற்கேற்ற கனமான ஆட்களும் வந்தார்கள். இரண்டாவது சுற்றில் கார்டு ஸ்டீவ் அவிலா தேர்வானார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடமிருந்து கெவின் டாட்சன் மலிவாகக் கிடைத்தார். அங்கே அவரது இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அந்த சீசனில் ராம்ஸின் கைரன் வில்லியம்ஸ் 12 ஆட்டங்களில் 1,144 கெஜம் ஓடினார். அணி 10 ஆட்டங்களில் வென்றது. 2024 மார்ச்சில் டாட்சனுக்கு 3 ஆண்டுகளுக்கு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம். ஓர் அணி வேண்டாம் என்றவரின் ஓராண்டுப் பயணம் இது!

அப்போ பாணிதான் எல்லாமா?

இல்லை. இன்றைய ஆட்டத்தில் ஓடுவதைவிட பந்தை எறிவதே அதிகம். எறியும்போது டேக்கிளின் வேலை எல்லா அணியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வேகமாகப் பாய்ந்து வருபவரிடமிருந்து குவார்ட்டர்பேக்கைக் காப்பது. அதனால் நீண்ட கைகளும் நல்ல கால் அசைவும் உள்ள டேக்கிள் எந்த அணியிலும் முதல் சுற்றில் போவார். பாணி அதிகம் பேசுவது சென்டர், கார்டு விஷயத்திலும் பிந்தைய சுற்றுகளிலும்தான். தவிர, இன்று பெரும்பாலான அணிகள் இரண்டு பாணியையும் கலந்துதான் ஆடுகின்றன.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சென்டர் ஜேசன் கெல்சி இதற்கு நல்ல சாட்சி. டிராஃப்ட் சமயத்தில் அவர் எடை சுமார் 127 கிலோ. 2011-ல் 6-வது சுற்றில், 191-வது ஆளாக வந்தார். 2024-ல் ஓய்வு பெறும் வரை நான்கு தலைமைப் பயிற்சியாளர்களிடம் ஆடினார். அவர் வேகத்தை வீணாக்காமல், சென்டரையே வரிசையிலிருந்து வெளியே ஓடவிட்டு வழி திறக்க வைத்தது ஈகிள்ஸ். வீரரைப் பாணிக்குள் திணிக்காமல், பாணியை வீரருக்கேற்ப வளைத்தார்கள்.

எனவே அடுத்த டிராஃப்ட்டில் ஒரு லைன்மேன் ‘எதிர்பார்த்ததைவிடப் பின்னால் போய்விட்டார்’ என்று செய்தி வந்தால், அவரது ஓட்ட நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்த அணி எடுத்தது, அதன் லைன் பயிற்சியாளர் யார், அவர் இன்னும் எத்தனை ஆண்டு அங்கே இருப்பார் என்று பாருங்கள். அந்த 21, 22 வயது இளைஞரின் எதிர்காலம் பாதி அதில்தான் இருக்கிறது.