பார்த்ததுக்குக் காசு

உங்கள் காரில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. ஸ்பீடாமீட்டர் பக்கத்தில், சின்னதாக இன்ஜின் படம் போட்டு. சாவியைத் திருப்பும்போது எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். ஒரு நாள் அது அணையாமல் நின்றால் என்ன செய்வீர்கள்?

எனக்குத் தெரியும். முதல் வாரம் பார்க்காதது மாதிரி இருப்பீர்கள். இரண்டாவது வாரம் மெக்கானிக்கிடம் போய், "இந்த லைட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிக் கொடுங்க" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். 'வண்டிக்கு என்னன்னு பாருங்க' என்று சொல்லவில்லை. தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நகரத்தில் பளபளவென்று ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு கையடக்கக் கருவியைச் செருகினார்கள். பி0171 என்று காட்டியது. "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார். மாத்திடலாம்." ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சென்சார், கூலி, வரி எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் ரூபாய். விளக்கு அணைந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது வாரம் திருச்சிக்குப் போகும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அதே விளக்கு. வேப்பூர் கூட்டு ரோட்டில் ஓரம் கட்டினேன். வெள்ளிக்கிழமை, ஆட்டுச்சந்தை நாள். சந்தை முடிந்து ஆடு ஏற்றிய மினி வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அறுபதைத் தொடும் ஒரு மனிதர். கதையைச் சொன்னேன். சென்சார் மாற்றிய பில்லை நீட்டினேன். அதை அவர் வாங்கக்கூட இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றார். பானட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். "டிக் டிக்குனு ஒரு சத்தம் கேக்குதா?" எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. டார்ச் அடித்துக் காட்டினார். புகை வெளியேறும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில், கேஸ்கெட் ஓரமாகக் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. சென்சாருக்கு முன்னாலேயே ஒரு ஓட்டை!

நடந்தது இதுதான். அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே போகிறது, இடையிடையே வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. புகையில் ஆக்ஸிஜன் அதிகம் என்று சென்சார் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி, 'பெட்ரோல் போதவில்லைபோல' என்று கூடக் கொஞ்சம் ஊற்றுகிறது. மைலேஜ் குறைகிறது. ஊற்றி ஊற்றிப் பார்த்தும் சரிவராமல் விளக்கைப் போடுகிறது. பி0171 என்றால் 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்றுதான் அர்த்தம். 'சென்சாரை மாற்று' என்று அர்த்தமே இல்லை. புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து உள்ளே போட்ட கதை. முதல் தடவை விளக்கு அணைந்தது புது சென்சாரால் அல்ல. கருவியிலிருந்து பதிவை அழித்தார்கள், அவ்வளவுதான்!

இந்தச் சென்சார் என்ன சமாச்சாரம் என்று தெரிந்தால் இன்னும் கோபம் வரும். அது ஒரு பீங்கான். வேப்பூரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் உள்ள விருத்தாசலத்தில் கொலு பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிறார்களே, அதற்குத் தூரத்து உறவு. சிர்கோனியா என்ற பொருளோடு கொஞ்சம் இட்ரியா கலந்து சுட்டு, விரல்நுனித் தொப்பி மாதிரி செய்கிறார்கள். சிர்கோனியாவின் தாய்க் கனிமமான சிர்கான் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. சுமார் 300 டிகிரி சூடானதும், ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, இரண்டுக்கும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்தை இந்தப் பீங்கான் மின்சாரமாக மாற்றிச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் போகும், குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும். 1976-ல் பாஷ் நிறுவனம் இதைக் கார்களுக்காக உற்பத்தி செய்யத் தொடங்கியது. அரை நூற்றாண்டாக வேலை செய்யும் சாட்சி. அதை விசாரிக்காமலே தண்டிக்கிறோம்.

சென்சார் கெடவே கெடாதா? கெடும். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் களைத்துப்போகும். இன்ஜின் ஆயில் எரிந்தால், கூலன்ட் கசிந்தால், கண்ட சிலிகான் பேஸ்ட்டைத் தடவினால் சீக்கிரமே சாகும். உள்ளே இருக்கும் ஹீட்டர் அறுந்துபோகும். நான் கேட்பது ஒன்றுதான்: கெட்டதா இல்லையா என்று யாராவது பார்த்தார்களா?

பார்ப்பது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஹீட்டர் மேல் புகார் என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ஒயர், அப்புறம்தான் சென்சார். மல்ட்டிமீட்டர் வைத்து ஹீட்டரின் ஓம்ஸ் அளவைப் பார்த்தால் அறுந்ததா என்று தெரிந்துவிடும். சூடான இன்ஜினில் வோல்ட் மேலும் கீழும் துள்ளுகிறதா என்று அதே கருவியின் திரையிலேயே பார்க்கலாம். ஒரு வேக்கம் ஹோஸைக் கழற்றினால் கீழே இறங்குகிறதா, பெட்ரோல் கூடினால் மேலே ஏறுகிறதா? ஆடினால் உயிரோடு இருக்கிறது. சோம்பேறித்தனமாக ஆடினால், ஆடாமலே கிடந்தால், தாராளமாக மாற்றுங்கள். (சில புதிய கார்களில் வேறு வகை சென்சார். அதற்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது. மேனுவல் பார்க்க வேண்டும்.) மாற்றும்போதும் நுனியைக் கையால் தொடாமல், மரையில் மட்டும் பேஸ்ட் தடவி, அளவாக முறுக்கி.

இதையெல்லாம் செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

இங்கேதான் வேப்பூர் பெரியவரிடம் திரும்பி வருகிறேன். இன்ஜின் ஆறட்டும் என்று டீ வாங்கிக் கொடுத்தார். பையனை விருத்தாசலத்துக்கு அனுப்பி கேஸ்கெட் வாங்கி வந்து மாட்டினார். டிக் டிக் நின்றது. எவ்வளவு என்று கேட்டேன். கேஸ்கெட் விலை, பெட்ரோல் செலவு, மாட்டுக்கூலி என்று சில நூறு ரூபாய் சொன்னார்.

"கண்டுபிடிச்சீங்களே, அதுக்கு?"

சிரித்தார். "பார்த்ததுக்கெல்லாம் என்ன சார் காசு?"

அந்தச் சிரிப்பு எனக்குச் சுரீர் என்றது. தெரியாதவர்கள் பல ஆயிரம் வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தவர் தன் அறிவுக்குப் பைசா கேட்கக் கூச்சப்படுகிறார். அவருக்கு அந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? நீங்களும் நானும்தான். 'சும்மா பார்த்ததுக்கு நூறு ரூபாயா?' என்று சண்டை போடுவோம். பளபள டப்பாவில் ஒரு பார்ட்டைக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு கார்டை நீட்டுவோம். யோசிக்கிறவனுக்குச் சம்பளம் இல்லை, கழற்றி மாட்டுகிறவனுக்கு உண்டு என்றால், எந்தப் பையன் காதைத் தீட்டிக்கொள்வான்? கருவியைச் செருகு, டப்பாவைப் பிரி, பில்லைப் போடு. தொழில் இப்படித்தான் சாகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. விளக்கையே ஏமாற்ற ஒயரில் எதையாவது கோத்துவிடுவார்கள். 'மைலேஜ் வரும் சார்' என்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே குடைந்து எறிவார்கள். கம்ப்யூட்டர் கண்மூடிப் பெட்ரோல் ஊற்றும். எரியாத மிச்சம் உங்கள் பிள்ளை ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் தெருவில்தான் புகையாக இறங்கும். ஜுரத்துக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது.

வேப்பூர் சந்தையில் யாரும் ஆட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், முதுகை அமுக்கிப் பார்க்கிறார்கள், தூக்கி எடை பார்க்கிறார்கள். லட்சக்கணக்கில் காரை வாங்கிய நாம் ஒரு பார்ட் மாற்றும் முன் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இனி மூன்று கேட்போம். என்ன சோதனை செய்தீர்கள்? அதில் என்ன வந்தது? பழைய பார்ட் எங்கே? சோதனை செய்திருந்தால், பார்ட்டே மாற்றாவிட்டாலும், அதற்குக் கூலி கொடுப்போம்.

நான் அவர் சட்டைப் பையில் கூடுதலாகப் பணத்தைத் திணித்தேன். "எதுக்கு சார்?" என்றார்.

"பார்த்ததுக்கு அண்ணே" என்றேன்.