செயலணிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?

'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணியில் மூன்று தமிழர்களையும் சேர்த்தாயிற்று, இனி என்ன குறை என்று கேட்டார்கள் இலங்கை அரசின் மேலிடத்தார். தலைமையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. 2021 ஒக்டோபர் 26 வர்த்தமானியில் தலைவராகக் குறிக்கப்பட்ட கலகொட அத்தே ஞானசார தேரர் அப்படியே இருந்தார்.

சட்டத்துக்கும் இவருக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. 2016 ஜனவரியில் ஹோமாகம நீதிமன்றத்தில், ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்ட வழக்கின்போது எழுந்து நின்று சத்தம் போட்டார். எக்னெலிகொடவின் மனைவியை அச்சுறுத்தியதற்கு ஒரு தண்டனை. நீதிமன்ற அவமதிப்புக்கு 2018 ஓகஸ்டில் 6 ஆண்டுச் சிறை. அதில் ஓராண்டுகூட முடியவில்லை, 2019 மே மாதம் பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு ஒரு மாதமும், மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்து பத்து நாளும் ஆகியிருந்த நேரம் அது. 2014 ஜூனில் அளுத்கமவில் இவர் முழங்கிய கூட்டத்துக்குப் பின் தர்கா நகர் முஸ்லிம்கள் பட்ட பாட்டை அந்த மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே சட்டம் என்று பேசுமுன் தணிய வேண்டியது வெறுப்பு; அதைத் தணிப்பது பன்சலை, பள்ளிவாசல், கோவில், தேவாலயம், பாடசாலை என்று எல்லா வாசலிலும் நடக்க வேண்டிய வேலை. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கடையைத் தீக்குக் கொடுத்தவர், இந்தத் தலைவரின் முன் வந்து அமர்ந்து மனதில் உள்ளதைச் சொல்லியிருப்பாரா? கோழிக்கூட்டுக்கு நரியைக் காவல் வைத்துவிட்டு, முட்டைக் கணக்கு கேட்டார்கள்.

அந்த அரசின் முடிவுகளே இப்படித்தான் இருந்தன. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரித்தே தீர்வோம் என்று 2020 ஏப்ரலில் தொடங்கிப் பத்து மாதங்களுக்கு மேல் நின்றார்கள். பிறந்து 20 நாளான சிசுவைக்கூட விடவில்லை. அந்தச் சிசுவுக்காகப் பொரளை மயான வாயிற்கம்பிகளில் மக்கள் கட்டிய வெள்ளைத் துணிகள் இரவோடிரவாக அவிழ்க்கப்பட்டன. அந்த வேகத்தை வேறெதிலாவது கண்டோமா? தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் தீவிரவாதியாம்; 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை தடுப்பில் இருந்தார். மேடையில் இனவாதம் பேசியவருக்குச் செயலணி, செயலகம், மாதாந்த அறிக்கை!

இந்த நியமனத்தை முதலில் மீளப் பெற்றிருக்க வேண்டும். பிறகு ஊரூராகப் போய் எல்லாச் சமூகத்தாரையும் கூட்டிப் பேச ஏதாவது வழி பார்த்திருக்க வேண்டும். 2022 பெப்ரவரி 28 வரை காத்திருந்து இந்தச் செயலணியின் அறிக்கையை வாசிக்கும் பொறுமை எமக்கு இருக்கவில்லை.