காலின் விறைப்பும் முதுகின் குற்றமும்

வேலணையிலே தோட்டஞ் செய்யும் குடும்பமொன்றில் வயது முதிர்ந்த ஒருவர் "கால் விறைக்கிறது" என்றால், வீட்டார் உடனே எண்ணெய் காய்ச்சுவர். பாதத்திற் பூசி உருவுவர். வெந்நீர் ஒத்தடங் கொடுப்பர். அன்பினாற் செய்வனவேயாயினும், மரத்த பாதம் சூட்டை உணராதாகலின் தோல் வெந்து புண்ணாதலும் உண்டு. பாத்தியிலே நீர் பாயாவிடின் வாய்க்காலின் மேற்பக்கத்தைச் சென்று பார்க்கும் தோட்டக்காரர், பாதம் மரத்தால் மாத்திரம் மேலே நோக்காதது வியப்பே.

முள்ளந்தண்டின் என்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுக்கள் உள. தட்டின் வெளிவளையம் பிளந்து, உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்கி நரம்பின் வேரை நெருக்குமாயின், வருத்தம் முதுகிலே நில்லாது, அந்நரம்பு சென்றடையும் இடத்திலே தோன்றும். இடுப்புப் பகுதியின் 5ஆம் நரம்பு நெருக்குண்டாற் புறங்காலும் பெருவிரலும் மரக்கும். அதற்கு அடுத்துக் கீழுள்ள நரம்பாயின் சிறுவிரலும் பாதத்தின் வெளியோரமும் மரக்கும். முதுகிலே நோவு சிறிதாயிருக்கக் காலின் வருத்தமே மிகுதலும் உண்டு. தட்டின் இக்குற்றத்தை 1934இல் பொஸ்ரன் நகர வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும் தெளிவுற விளக்கினர். ஆயினும் இடையிலிருந்து தொடை, முழங்கால், பாதம் என்று இறங்கும் வருத்தத்தைச் சரக சங்கிதை 'கிருத்திரசி' என்னும் பெயரால் முன்னரே கூறியுள்ளது. கிருத்திரம் என்பது கழுகு. நோயாளியின் நடைபற்றி வந்த பெயர் என்பர்.

துலா மிதித்த காலம் கழிந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. எனினும் குனிந்து களை பிடுங்குதலும், பாரந் தூக்குதலும், தண்ணீர் சுமத்தலும் ஒழிந்தில. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர் வாகனத்திலும் நாற்காலியிலும் நெடுநேரம் அமர்ந்திருப்போர். அவர்க்கும் முதுகு இதுவே.

விறைப்பு யாவும் முதுகினால் வருவதென்று கூறுவேமல்லேம். நீரிழிவினால் வருவது பெரும்பாலும் இரு பாதங்களிலும் விரல்நுனி தொடங்கி மேலேறும். தொழுநோயில் நிறம் வேறுபட்ட தோலிடத்திலே உணர்ச்சி குன்றும். அது மருந்தினால் மாறும் நோயாகலின் மறைக்கத் தக்கதன்று. தட்டின் குற்றமோ பெரும்பாலும் ஒரு காலிலே தோன்றி, இருமினாலும் தும்மினாலும் மிகும். இவற்றைப் பகுத்தறிதல் வைத்தியர் கடன். உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் நோயாளியின் கடன். நம்மவரோ அனைத்தையும் 'வாதம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். இத்துணைச் சொல்வளமுள்ள மொழியைப் பேசுவோர்க்கு ஈதென்ன வறுமை! 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்குத்தர் கிறீன், மானிப்பாயிலே வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அன்னியர் ஒருவர்க்குப் போதிய தமிழ் நமக்குப் போதாதோ?

கத்திக்கு அஞ்சிச் செல்லாதாரும் உளர். தட்டின் குற்றமுடையாரிற் பெரும்பாலோர் சத்திரசிகிச்சையின்றியே சில கிழமைகளிற் குணமடைவர். நெடுநாட் படுத்திருத்தலும் வேண்டுவதன்று. ஆனால் ஒன்று: இரு கால்களும் சோர்ந்து, அமரும் இடம் மரத்து, சிறுநீர் தடைப்படினும் அடக்கமின்றிக் கழியினும், அன்றைக்கே ஆஸ்பத்திரி சேர்தல் வேண்டும். நரம்புகள் ஒருங்கே நெருக்குண்டமைக்கு அறிகுறி அது. தாழ்த்தால் மீளாத ஊனமாம். முதியோர் நாணத்தால் முதலில் மறைப்பதும் அதுவே. இரவாயினும் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போதற்கு விடியலை எதிர்பார்த்திருத்தல் ஆகாது.

மேல்வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைப் பொருளாக மழைக்காலத்தையும் நிலாவையும் பன்முறை கொடுத்தாயிற்று. இனி ஒருமுறை, பாட்டனாரின் கால் விறைப்பை வைத்தியருக்கு எழுதும் கடிதத்தைக் கொடுக்கலாம்: எக்கால், எவ்விரல், எந்நாள் தொடங்கியது, குனிந்தால் மிகுமோ, நடந்தால் மிகுமோ, சிறுநீர் எவ்வாறு என்பன அடங்க, ஒரு பக்கத்துள்.