சாம்பல் தீர்ந்த பிறகு

அமேசான் காட்டை அழித்தது யார் என்று கேட்டால் உடனே விரல் நீள்வது கோடரி பிடித்தவன் பக்கம்தான். சூழலியல் பேசும் கனவான்கள் காட்டுகிற படத்திலும் அவன்தான்: கிழிந்த சட்டை, பின்னால் புகை. அவன் ஏன் அங்கே போனான், போட்டதைப் போட்டபடி சில வருசத்திலேயே ஏன் விட்டுட்டு வந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தைப் பார்ப்போம். 1970களில் தெற்கே பரானா மாநிலத்தில் காப்பித் தோட்டங்கள் போய் சோயாவும் டிராக்டரும் வந்தன. குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் பிழைப்பு போச்சு. பண்ணையார்களின் நிலத்தில் கைவைக்க மனமில்லாத ராணுவ அரசு அவர்களுக்குக் காட்டைக் கைகாட்டியது. 1981இல் தொடங்கிய திட்டத்தில் உலக வங்கிக் கடனோடு சாலைக்குத் தார் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே பூர்வகுடிகள் வாழ்ந்தது கணக்கிலேயே இல்லை. நம்ம ஆளுங்களுக்குப் பட்டா கொடுக்கும்போது பாறையும் தரிசுமாகப் பார்த்துக் கொடுப்பாங்களே, அதே தாராளம்.

மரம் வானத்தை முட்டுற இடத்துல மண்ணு மட்டும் சொத்தையா இருக்குமா என்று தோன்றும். அமேசானின் பெரும்பகுதி மண், நெடுங்கால மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன மண். மணிச்சத்து கொஞ்சம்தான், அதையும் இரும்பும் அலுமினியமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காட்டைத் தாங்குவது மேலே விழுகிற சருகும், அதை மக்கவைக்கிற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும். சருகிலிருந்து வெளிவரும் சத்து மழையோடு ஓடுவதற்குள் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகள் அதைப் பிடித்து மரத்திடம் சேர்த்துவிடும். மண்ணில் கையிருப்பு அதிகமில்லை. அன்றாடக் கூலியில் ஓடுகிற குடும்பம் மாதிரி.

காட்டை எரித்தால் சாம்பலிலிருந்து சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மண்ணில் இறங்கும், புளிப்பு குறையும். முதல் வருச நெல்லும் மக்காச்சோளமும் நல்லாவே வரும். அப்புறம் ரெண்டு மூணு மழைக்காலம். சருகில்லை, நிழலில்லை, மரவேர்ப் பூஞ்சைக்கு வீடில்லை. பிடித்துவைக்க ஆளில்லாமல் சத்து கீழே இறங்கிவிடும். விளைச்சல் படுத்ததும் ‘சோம்பேறி, விவசாயம் தெரியாதவன்’ என்று பேர். பலர் மாட்டுப் பண்ணைக்காரனுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்படி மேய்ச்சலாகிப்போன ரொண்டோனியா மண்ணை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. ஓரிடத்து மண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தால் பாக்டீரியா வகைகள் குறையவில்லை, கூடியிருந்தன. ஆனால் காட்டில் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தவை போய், எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கூட்டம். அந்தந்த இடத்துக்கே உரியவை தொலைந்துவிட்டன. தலையை எண்ணிக் கணக்குச் சொல்கிறவன் கண்ணுக்கு இந்த இழப்பு தெரியாது.

சரி, மாட்டோ கிராசோவில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் சோயா போடுகிற முதலாளிக்கு மட்டும் மண் எப்படி ஒத்துழைக்கிறது? அவன் வாங்குகிறான். புளிப்புக்குச் சுண்ணாம்பு, அப்புறம் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மூட்டை மூட்டையாக. தழைச்சத்துக்கு, வேரில் முடிச்சுப் போடும் பாக்டீரியாவை விதையோடு கலந்து விதைக்கிறான். ஜொஹானா டோபரைனர் (1924–2000) போன்ற விஞ்ஞானிகளின் அருமையான உழைப்பு அது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காட்டு மண்ணில் சும்மா நடந்த வேலையெல்லாம் இப்போது கடைச்சரக்கு. முதல் போட முடிந்தவனிடம் நிலம் தங்குகிறது. முடியாதவன் அடுத்த காட்டுக்குப் போகிறான், அல்லது நகரத்துச் சேரிக்கு.

சாம்பல்சத்து உரத்தில் மிகப் பெரும்பகுதியை பிரேசில் இறக்குமதிதான் செய்கிறது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் உர விலை எகிறியது. அப்போதைய அதிபர் போல்சனாரோ கண்டுபிடித்த வழி: பூர்வகுடிகளின் நிலத்தில் சுரங்கம் தோண்ட அனுமதிக்கும் மசோதாவை அவசரமாக நிறைவேற்று! அது நிறைவேறவில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் அமசோனாஸ் மாநில அரசு, மதேரா ஆற்றுப் பக்கம் அவுத்தாசெஸில் சாம்பல்சத்துச் சுரங்கத்துக்கு உரிமம் கொடுத்தது. மூரா மக்கள் தங்கள் நிலம் என்று உரிமை கோரிவந்த பகுதி அது. மூராக்களுக்குள்ளேயே ஒத்துக்கொண்டவர்களும் உண்டு, எதிர்த்து நிற்பவர்களும் உண்டு.

அதே மதேரா ஆற்றோரத்தில் கறுப்பு மண் திட்டுகள் கிடக்கின்றன. ஐரோப்பியன் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் கரியும் எலும்பும் மீன்முள்ளும் வீட்டுக் குப்பையும் கொட்டி உண்டாக்கிய மண் அது. இன்றைக்கும் அதில் மணிச்சத்து குறையவில்லை.