கட்டம் கட்டி ஒரு விளம்பரம்

பேப்பரைப் பிரிச்சா நகைக்கடை, அபார்ட்மென்ட், இன்ஜினியரிங் காலேஜ்னு எந்த விளம்பரமா இருந்தாலும் மூலையில ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். சரி, என்னதான் இருக்குன்னு ஸ்கேன் பண்ணினா? பெரும்பாலும் அந்தக் கம்பெனியோட முகப்புப் பக்கம். அதுக்குத்தான் கூகிள் இருக்கே சாமி!

இந்த க்யூஆர் கோடு விளம்பரத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1994ல ஜப்பானின் டென்சோ நிறுவனத்துல மசாஹிரோ ஹராவும் அவரோட சகாக்களும் கார் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கினது. கட்டத்துல 30 சதவீதம் வரை அழிஞ்சாலும் படிக்கிற மாதிரி அச்சடிக்கலாம். அதனால பேப்பர் மடிப்பு, டீக்கறை எல்லாம் அதுக்குத் தூசு. தொழில்நுட்பத்து மேல குறை இல்லை. குறை பேரத்துல.

பழைய கதை ஒண்ணு. 2000ல அமெரிக்காவுல க்யூகேட்னு பூனை வடிவத்துல ஒரு பார்கோடு கருவியை இலவசமா அள்ளி விட்டாங்க. பத்திரிகையைத் தூக்கிட்டுப் போய், கம்ப்யூட்டர்ல செருகின பூனையை விளம்பரக் கோடு மேல தேய்ச்சா, இணையப் பக்கம் திறக்கும். முகவரியை டைப் பண்றதே அதைவிட சுலபம்! போதாக்குறைக்கு ஒவ்வொரு பூனைக்கும் தனி எண். தேய்க்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து போகும். வாசகனுக்குக் கொஞ்சம், கம்பெனிக்கு நிறைய. பூனை சீக்கிரமே படுத்துருச்சு.

இன்னிக்கு அந்தச் சிரமம் இல்லை. ஸ்கேன் பண்ண எல்லாருக்கும் தெரியும், டீக்கடையும் யுபிஐயும் சொல்லிக் கொடுத்தாச்சு. ஆனா டீக்கடையில ஸ்கேன் பண்ணினா டீ வருது. விளம்பரத்துல?

நாம மட்டும் கொடுத்துட்டேதான் இருக்கோம். பல கோடுகள் நேரா கம்பெனி தளத்துக்குப் போறதில்லை. நடுவுல ஒரு சர்வர் உட்கார்ந்து எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எந்த ஊர்ல இருந்து, என்ன ஃபோன்ல பார்த்தோம்னு குறிச்சுக்கும். நாம எந்தப் பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னோம்னு பேப்பருக்கு அதுவரைக்கும் தெரியாது. இப்போ பேப்பரும் நம்மைப் படிக்குது.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரே உதாரணம் மகாராஷ்டிரா. அங்கே ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரெரா, 2023 ஆகஸ்ட் 1 முதல் வீட்டுத் திட்ட விளம்பரங்கள்ல க்யூஆர் கோடு கட்டாயம்னு சொல்லிடுச்சு. ஸ்கேன் பண்ணினா பில்டரோட பளபளா பக்கம் வராது. ஆணையத்தோட தளத்துல அந்தத் திட்டத்தின் பதிவு விவரம் வரும். விளம்பரத்துல நீச்சல் குளமும் சிரிக்கிற குடும்பமும் இருக்கும். எப்போ முடிச்சுக் கொடுப்பேன்னு பில்டர் எழுதிக் கொடுத்த தேதி அங்கே இருக்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டப் போறவனுக்கு எது வேணும்?

என் கட்சி இதுதான். விளம்பரம் சொல்லாததைச் சொன்னா அது கோடு. சொன்னதையே திருப்பிச் சொன்னா அது வெறும் கட்டம். மருந்து, கடன், படிப்பு, வீடுன்னு காசும் உயிரும் சம்பந்தப்பட்ட விளம்பரங்கள்லயாவது கோடு மூணாவது ஆள் பக்கத்துக்குப் போகணும். கட்டத்துக்குக் கீழே முகவரியை எழுத்துலயும் அச்சடிக்கணும். கட்டத்தைப் படிக்க மனுஷக் கண்ணால முடியாது. போஸ்டர்ல அதுமேல எவனாவது வேற ஸ்டிக்கர் ஒட்டினாலும் தெரியப் போறதில்லை.

விளம்பரத் துறையில இருக்கிற பதிவர்கள் யாராவது மறுத்துப் பேசுங்க, கேட்டுக்கறேன்.

டிஸ்கி: இந்தப் பதிவுல எந்தக் கட்டமும் இல்லை. நம்பிப் படிக்கலாம் :-)