கீமோவுக்கு முன்னாடியே சேமிக்கணும்!

19 வயதில் ரத்தப் புற்றுநோய். கீமோ உயிரைக் காக்கும். ஆனால் குழந்தை பெறும் வாய்ப்பைப் பறித்துவிடக்கூடும். இதை அந்தப் பிள்ளைக்கு யார் முன்கூட்டியே சொல்வது?

விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டைக்குச் சுமார் 2 வாரம். எல்லாமே கீமோவுக்கு முன்பே நடக்கணும். அப்புறம் அழுது பயனில்லை!

காசு இருக்கிறவன் தனியார் மையத்துக்குப் போவான். கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

"உயிர் பிழைச்சதே பெருசு" என்று வாயை அடைக்காதீர்கள் ஆட்சியாளர்களே! காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை தொடங்கி, கீமோ கொடுக்கும் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்தச் சேவை இலவசமாக வேண்டும். பிழைத்து வரும் பிள்ளைக்கு நாளைய குடும்பமும் உரிமைதான்!

உங்க மாவட்ட அரசு மருத்துவமனையில இந்த வசதி இருக்கா? கேளுங்க, பகிருங்க!