தம்பியின் சிவில் படிப்பும் உங்க கையெழுத்தும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "தம்பி சிவில் இன்ஜினியரிங் படிக்கணும்னு சொல்றான். அப்பாவுக்கு வருமானச் சான்று காட்ட முடியல. கல்விக் கடன்ல என்னையும் சேர்த்துக் கையெழுத்து போடச் சொல்றாங்க. போடலாமா?"

போடலாம். ஆனா எவ்வளவு தொகைக்கு? என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். படிக்கும்போதே வட்டி கட்ட முடியாத குடும்பம்னா, சிவிலுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல கடன் வாங்கக் கூடாது. இந்த நம்பர் எப்படி வந்ததுன்னு பாருங்க.

நான் கணக்கு பார்க்கிற சிறிய, நடுத்தரக் கட்டுமான நிறுவனங்கள்ல புதுசா சேர்ற சைட் இன்ஜினியருக்கு மாசம் 15,000-லிருந்து 20,000 வரைதான் போகுது. அதே சைட்டில் வேலை செய்ற கொத்தனார் மாசம் முழுக்க வேலை கிடைச்சா இவரைவிட அதிகமா வாங்கிட்டுப் போவார். அதுக்காக சிவில் மோசமான படிப்புன்னு முடிவு கட்ட வேண்டாம். பில்லிங், குவான்டிட்டி, பிளானிங்னு ஏதாவது ஒண்ணைக் கத்துக்கிட்டவங்க ஆறேழு வருஷத்துல நல்ல சம்பளத்துக்கு வந்துடறதையும் அதே பட்டியல்லதான் பார்க்கிறேன். சிவில்ல சம்பளம் மெதுவா ஏறும். கடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சம்பளம் ரொம்பக் குறைவா இருக்கிற முதல் வருஷத்துலயே முழு இஎம்ஐயும் கேட்கும். சிக்கல் அங்கதான்.

வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன்னு வச்சுக்குவோம், வட்டி 10%. படிக்கிற 4 வருஷமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் இஎம்ஐ கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். தனி வட்டிதான், இருந்தாலும் அந்த 5 வருஷத்துக்கு 1,40,000 சேர்ந்துடும். ஆக இஎம்ஐ தொடங்கற அன்னைக்கு நிற்கிற கடன் 5,40,000. 10 வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 7,135 ரூபாய். 18,000 சம்பளத்துல இது 40%. வாடகை, சாப்பாடு, பெட்ரோல் போக மீதி என்ன இருக்கும்? தவணையை 15 வருஷமா இழுத்தா 5,800-க்கு இறங்கும். ஆனா மொத்தமாக் கட்டறது 10 லட்சத்தைத் தாண்டிடும்.

என் அளவுகோல், முதல் சம்பளத்துல இஎம்ஐ 25%-க்கு மேல போகக் கூடாது. 18,000-க்கு அது 4,500. 10 வருஷத்துக்கு 4,500 கட்டினா அடையக்கூடிய கடன் சுமார் 3,40,000. சேர்ற வட்டியைக் கழிச்சுப் பார்த்தா, வாங்கக்கூடிய அசல் இரண்டரை லட்சம். அந்த நம்பர் இப்படித்தான் வந்தது.

மேனேஜ்மென்ட் கோட்டா, ஹாஸ்டல்னு வருஷத்துக்கு 2 லட்சம் ஆனா, எல்லாமே இரட்டிப்பு. இஎம்ஐ 14,270. ஏழரை லட்சத்தைத் தாண்டினா பொதுவா வங்கி அடமானமும் கேட்கும். அப்பாவோட வீட்டுப் பத்திரம் உள்ளே போகும். இந்த நிலைமையில இருந்தா, தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க. ஃபேமிலி குரூப்ல கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்லை.

"வரிச் சலுகை இருக்கே"ன்னு கல்லூரி அட்மிஷன் ஆபீஸ்ல சொல்வாங்க. 80இ பிரிவுல கழிவு வட்டிக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான். உங்களுக்கு, உங்க கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, இல்லேன்னா நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு வாங்கின கடனா இருக்கணும். தம்பி, தங்கை அந்தப் பட்டியல்ல இல்லை. சரி, தம்பியே வேலைக்குப் போய்க் கட்டினா? மாசம் 18,000 வாங்கறவருக்கு வரியே வராது. இல்லாத வரியில எதைக் கழிக்கறது?

இன்னொரு பக்கம், கூட்டுக் கடன்தாரரா நீங்க கையெழுத்து போட்ட நாள்லயிருந்து அந்தக் கடன் உங்க சிபில் ரிப்போர்ட்லயும் இருக்கும். நாலஞ்சு வருஷம் கழிச்சு நீங்க வீட்டுக் கடனுக்குப் போகும்போது, இந்த இஎம்ஐயைக் கழிச்சுட்டுத்தான் உங்க தகுதியைப் பார்ப்பாங்க. தம்பி ரெண்டு தவணை தவறினா, அடி விழுறது உங்க ஸ்கோருக்கும்தான். அவர் டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் தேர்வுக்கோ கேட் தேர்வுக்கோ உட்கார்ந்து படிக்கணும்னு நினைச்சா (சிவில் முடிச்சவங்கள்ல பலருக்கு அந்த ஆசை உண்டு, நியாயமான ஆசைதான்) வங்கி கொடுக்கிற அவகாசம் ஒரு வருஷம்தான். அதுக்கப்புறம் இஎம்ஐ உங்களோடது.

அப்போ என்ன பண்ணலாம்? உங்களால முடிஞ்சா படிக்கும்போதே வட்டியைக் கட்டுங்க. மேலே சொன்ன 4 லட்சம் கடனுக்கு முதல் வருஷம் மாசம் 833 ரூபாய், கடைசியில 3,333. இதைச் செஞ்சா இஎம்ஐ 7,135-லிருந்து 5,285-க்கு வந்துடும். ஒழுங்கா வட்டி கட்டறவங்களுக்குப் பல வங்கிகள் 1% சலுகையும் தருது. 25% அளவுகோலை இதுலயும் தாண்டுது, ஆனா அண்ணனோ அக்காவோ கொஞ்சம் கைகொடுத்தா சமாளிக்கலாம்.

கவுன்சிலிங்ல சீட் கிடைக்கும்வரை காத்திருங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கட்ட அவசரப்படாதீங்க. நீங்க டிகிரி முடிச்சிருந்தா தம்பிக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது, அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா, 7.5% ஒதுக்கீட்டைக் கண்டிப்பா பாருங்க. அதுல சேர்றவங்க கட்டணத்தை அரசே ஏத்துக்குது. கைக்கு எட்டுற தூரத்துல அரசு பாலிடெக்னிக் இருந்தா, டிப்ளமோ முடிச்சுட்டு பி.இ. இரண்டாம் வருஷத்துல நேரடியாச் சேர்ற வழியும் இருக்கு. ஒரு வருஷம் கூடப் போகும், ஆனா கடன் வாங்க வேண்டிய வருஷம் மூணா குறையும். சைட்டுக்குப் போனா டிப்ளமோ பசங்களுக்கு வேலை சீக்கிரம் பிடிபடறதா முதலாளிகளே சொல்றாங்க.

வங்கிக்குப் போறதுக்கு முன்னாடி கல்லூரிக்கு ஒரு போன் போடுங்க. போன வருஷம் சிவில் பிரிவுல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு சிவில் வேலையே கிடைச்சது, மாசச் சம்பளம் என்னன்னு கேளுங்க. "எங்க ஹையஸ்ட் பேக்கேஜ்..."னு ஆரம்பிச்சா, குறுக்கிட்டு, சிவிலுக்கு மட்டும் சொல்லுங்கன்னு திரும்பக் கேளுங்க.